சயின்ஸ் குரூப் எடுத்த பிறகும் கட்டுரைக் கை விட்டுப்போகாமல் இருக்க

இந்த அத்தியாயம் யாருக்கு?

பத்தாம் வகுப்புவரை தமிழில் நன்றாக எழுதி, கட்டுரைப் போட்டிச் சான்றிதழ் ஒன்றிரண்டும் வாங்கி, பிளஸ் ஒன்னில் பயோ-மேத்ஸோ கம்ப்யூட்டர் சயின்ஸோ எடுத்தவர்களுக்கு. விரிஞ்சிபுரத்திலிருந்து ஆம்பூர் வரைக்கும் பெங்களூர் சாலையை ஒட்டிய ஊர்களில் இப்படிப்பட்ட பிள்ளைகள் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். “இனிமேல் எதுக்கு உனக்குக் கட்டுரை நோட்டு? பிசிக்ஸைப் படி” என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள்.

மதிப்பெண் கணக்கைப் பார்த்தால் வீட்டார் சொல்வது சரி மாதிரிதான் தெரியும். இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200. அதில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் அங்கே இடமே இல்லை. நீட் தேர்வில் 180 கேள்வி, 720 மதிப்பெண், எல்லாம் வட்டத்தைக் கருப்பாக்கும் வேலை. பிளஸ் ஒன் மாணவர்களுக்கு மாதம் 1,500 ரூபாய் பெற்றுத்தரும் தமிழ் இலக்கியத் திறனறித் தேர்வும் கொள்குறி வகைதான். தமிழுக்கான உதவித்தொகையைத் தமிழில் ஒரு வாக்கியம்கூட எழுதாமல் வாங்கிவிடலாம்! பத்தாம் வகுப்பில் எட்டு மதிப்பெண்ணுக்கு விரித்து எழுதிய விடை பிளஸ் டூவில் ஆறு மதிப்பெண்ணாகச் சுருங்கிவிடும்.

கட்டுரை திரும்பி வருவது அதற்குப் பிறகு. குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரை எழுத வேண்டும், 250 மதிப்பெண். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 முதன்மைத் தேர்வின் தமிழ்த் தகுதித்தாளில் சுருக்கி எழுதுதல், குறிப்பை விரித்து எழுதுதல், கடிதம் எழுதுதல் எல்லாம் உண்டு. வேலூரில் நர்சிங் முடித்து வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் எழுதும் ஓ.இ.டி. தேர்வில், நோயாளியின் குறிப்புகளைப் படித்து 180 முதல் 200 சொற்களுக்குள் ஒரு கடிதம் எழுத வேண்டும். மொத்தம் 45 நிமிடம். அந்தக் கட்டத்தில் புதிதாகத் தொடங்கினால் கை ஓடாது.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025-26 கல்வியாண்டு முதல் அரசு நீக்கிவிட்டது. ஆகவே பிளஸ் ஒன் ஆண்டில் உங்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கிறது. இந்த அத்தியாயத்தில் சொல்லும் பழக்கத்தை அந்த ஆண்டிலேயே தொடங்கிவிடுங்கள்.

தொடங்குமுன் ஒன்று. கட்டுரை எழுத சயின்ஸ் மாணவர் இலக்கியத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஒரு காரணத்தை முதலிலிருந்து கடைசிவரை நடுவில் அறுந்துபோகாமல் சொல்வதுதான் கட்டுரை. காரணங்களுக்கு உங்கள் பாடப்புத்தகத்தில் பஞ்சமே இல்லை. அவற்றைத் தொடர்ச்சியான வாக்கியங்களாக எழுதும் பழக்கம்தான் விட்டுப்போகிறது.

முதலில் ஒரு சோதனை

1. இந்த வாரம் நடந்த ஏதாவது ஒரு பாடத்தை எடுத்து, ஒன்பதாவது படிக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ புரியும்படி 20 நிமிடம் எழுதுங்கள். புத்தகம் மூடியிருக்கட்டும். படம், சமன்பாடு, பட்டியல் எதுவும் கூடாது.
2. எழுதியதில் ‘ஏனெனில்’, ‘ஆகவே’, ‘இதனால்’, ‘ஆனால்’, ‘அப்படியிருந்தும்’ போன்ற சொற்களை வட்டமிடுங்கள்.
3. எத்தனை வட்டம் என்று எண்ணுங்கள்.

வட்டமே இல்லையென்றால் நீங்கள் எழுதியது கட்டுரை அல்ல, குறிப்பு. எல்லா வாக்கியமும் மூன்று நான்கு சொல்லில் முடிந்திருந்தால் ஒரு மதிப்பெண் விடைப் பழக்கம் கைக்குள் புகுந்துவிட்டது என்று பொருள். இரண்டுமே ஓரிரு மாதத்தில் சரியாகிவிடும். எட்டாவது நிமிடத்திலேயே எழுத ஒன்றும் இல்லாமல் போனால் அது எழுத்தின் குறை அல்ல, பாடமே புரியவில்லை. அன்றைக்குக் கட்டுரை நோட்டை மூடிவிட்டுப் பாடத்தைப் படியுங்கள்.

தேவையானவை

லாங் சைஸ் கோடு போட்ட நோட்டு ஒன்று, நீலப் பேனா, சிவப்புப் பேனா, பென்சில், மேசையில் வைக்க ஒரு கடிகாரம். நேரம் பார்க்கக் கைபேசி வேண்டாம். மணி பார்க்க எடுத்த கைபேசி சுலபத்தில் கீழே இறங்காது. நோட்டின் வலப்பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். இடப்பக்கம் திருத்தத்துக்கு.

வாரம் ஒரு பக்கம்: செய்முறை

சனிக்கிழமை மாலை, ஞாயிறு காலை, செவ்வாய் இரவு என்று மூன்று தவணையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மொத்தமே ஒன்றரை மணி நேரம்தான். டியூஷனுக்குப் போகிறவர்களுக்கும் இது முடியும்.

1. தலைப்பு எடுக்காதீர்கள், கேள்வி எடுங்கள் (சனி). ‘பாலாறு’ என்பது தலைப்பு. அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆற்றின் நீளத்தையும் பெருமையையும் எழுதிவிட்டு எழுந்துவிடுவீர்கள். ‘பாலாற்றில் தண்ணீர் ஓடாத மாதங்களிலும் ஆற்றுப்படுகைக் கிணற்றில் தண்ணீர் இருப்பது ஏன்?’ என்பது கேள்வி. இதற்கு விடை தேடியாக வேண்டும். ஏன், எப்படி, எப்போதிலிருந்து, யாருக்கு நல்லது என்று முடியும் கேள்வியாகப் பார்த்து எடுங்கள்.

2. மூன்று வழியில் சரக்கு சேருங்கள் (சனி). கண்ணால் பார்த்தது ஒன்று, ஆளிடம் கேட்டது ஒன்று, புத்தகத்தில் படித்தது ஒன்று. மூன்றும் படித்ததாகவே இருந்தால் பாடநூல் நெடி அடிக்கும். மூன்றும் கேட்டதாகவே இருந்தால் திண்ணைப் பேச்சு ஆகிவிடும்.

3. விடையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள் (சனி). நோட்டின் மேல்வரியில் பென்சிலால். ஒரே வாக்கியத்தில் சொல்ல வரவில்லை என்றால் கேள்வி பெரிது, பாதியாக வெட்டுங்கள்.

4. வரிசை போடுங்கள் (ஞாயிறு). சேர்த்த குறிப்புகளுக்கு எண் கொடுங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போக ‘ஆகவே’ வேண்டுமா, ‘ஆனால்’ வேண்டுமா என்று இடையில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கெல்லாம் ‘மேலும்’ என்பதைத் தவிர வேறு எதுவும் பொருந்தவில்லையோ, அங்கே தொடர்பு இல்லை. வரிசையை மாற்றுங்கள், அல்லது அந்தக் குறிப்பை விட்டுவிடுங்கள். இந்த ஏழு படிகளில் சயின்ஸ் மாணவர்கள் அவசரப்பட்டுத் தாண்டிப் போவது இதைத்தான். இதைத் தாண்டினால் மற்ற ஆறும் வீண்.

5. 40 நிமிடம் நிறுத்தாமல் எழுதுங்கள் (ஞாயிறு). அடித்தல் திருத்தல் வேண்டாம். ஒரு சொல் வரவில்லையென்றால் கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஆங்கிலச் சொல் வந்தால் தமிழ் எழுத்திலேயே எழுதிவிடுங்கள், செவ்வாய்க்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

6. இரண்டு நாள் ஆறப்போட்டு, வாய்விட்டுப் படியுங்கள் (செவ்வாய்). மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியம் நீளம். நாக்கு தடுக்கும் இடத்தில் எழுவாய் தொலைந்திருக்கும். சிவப்புப் பேனாவால் குறியுங்கள். எழுத்துப்பிழைக்கு முன்னால் இதைப் பாருங்கள்; சந்திப்பிழை கடைசியில்.

7. ஒரே ஒரு பத்தியைத் திருப்பி எழுதுங்கள் (செவ்வாய்). முழுக் கட்டுரையையும் திருப்பி எழுத உட்கார்ந்தால் அடுத்த வாரமே விட்டுவிடுவீர்கள். ரொம்ப மோசமான பத்தி எதுவோ அதை மட்டும், இடப்பக்கத்தில்.

குறிப்பு: ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம் இரண்டு எழுதி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். தவறியது தவறியதுதான்.

செய்து பார்ப்போம்: கோயிலின் நிழல் கடிகாரம்

விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் பிறைவடிவக் கல் ஒன்றில் எண்கள் செதுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே உள்ள பள்ளத்தில் குச்சியை வைத்தால் நிழல் விழும் எண்தான் மணி. கட்டுரைப் போட்டிக்கு இதைப் பற்றி எழுதச் சொன்னால் பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

*விரிஞ்சிபுரம் கோயில் மிகவும் பழமையானது. அங்கு நேரம் காட்டும் கல் உள்ளது. நம் முன்னோர்கள் அறிவியலில் சிறந்து விளங்கினர். குச்சி வைத்தால் நிழல் விழும். அது நேரத்தைக் காட்டும். இது மிகவும் வியப்புக்குரியது. இதைப் பாதுகாப்பது நமது கடமை.*

பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஏழு வாக்கியத்தையும் கலைத்து எந்த வரிசையில் போட்டாலும் ஒன்றும் கெடாது. வாக்கியத்துக்கு வாக்கியம் காரணம் ஓடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. இப்போது படி 1-இலிருந்து வருவோம்.

*கேள்வி:* கல் காட்டும் மணியும் கைபேசி காட்டும் மணியும் ஏன் ஒத்துப்போவதில்லை?

*பார்த்தது:* ஒரே நாளில் மூன்று நேரங்களில் நிழலையும் கைபேசி மணியையும் பக்கத்துப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். குச்சி வைக்கும் முன் கோயிலில் கேட்டுவிடுங்கள்.

*கேட்டது:* கோயிலில் வேலை செய்கிறவர்களிடம், எந்த மாதத்தில் வித்தியாசம் கூடுதல் என்று.

*படித்தது:* இந்தியத் திட்ட நேரத்தின் தீர்க்கரேகை 82.5 பாகை கிழக்கு. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம்.

இதை வைத்து எழுதிய பத்தி:

*கோயில் கல்லில் நிழல் பன்னிரண்டைத் தொடும்போது, பெரும்பாலான நாட்களில், கைபேசி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். கல்லைத் தப்பாகச் செதுக்கிவிட்டார்களா? இல்லை. கைபேசி காட்டுவது நாடு முழுவதற்கும் பொதுவான நேரம். அதை உத்தரப்பிரதேசத்தின் மிர்சாப்பூர் வழியாகப் போகும் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடுகிறார்கள். விரிஞ்சிபுரம் அதற்கு மேற்கே, ஏறக்குறைய 79 பாகையில் இருக்கிறது. ஆகவே அந்த ரேகையில் உச்சிக்கு வந்த சூரியன் நம்மூர் உச்சிக்கு வர மேலும் 14 நிமிடம் ஆகும். ஆனால் இந்த 14 நிமிடமும் ஆண்டு முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. பூமியின் பாதை சரியான வட்டம் அல்ல, அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. இதனால் பிப்ரவரி நடுவில் வித்தியாசம் அரைமணி நேரத்தை நெருங்கும். நவம்பர் தொடக்கத்தில் கல்லும் கைபேசியும் கிட்டத்தட்ட ஒரே மணியைக் காட்டும்.*

இதில் எந்த வாக்கியத்தையாவது இடம் மாற்றிப் பாருங்கள். உடனே உடைந்துவிடும். ‘முன்னோர்’ என்ற சொல்லே வரவில்லை, ஆனாலும் அந்தக் கல்லைச் செதுக்கியவர் மேல் மரியாதை கூடுகிறது. பெருமையை நேராகச் சொல்வதைவிட வேலையைக் காட்டிவிடுவது மேல் என்பது என் கட்சி. அந்த ‘ஆனால்’ வரும் இடத்தையும் கவனியுங்கள். சொன்ன விடைக்கு விலக்கு எங்கே என்று கட்டுரை தானாகவே தேடிப் போகிறது. திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காரும் இடம் அதுதான்.

வேதியியலிலிருந்து கட்டுரை: டேனரி வாசல்

லேப் ரெக்கார்டில் ‘நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, முடிவு’ என்று எழுதி எழுதி, ‘எடுக்கப்பட்டது, சேர்க்கப்பட்டது, கண்டறியப்பட்டது’ என்று கை பழகியிருக்கும். ரெக்கார்டுக்கு அது சரி. கட்டுரைக்கு யார், எதை, ஏன் செய்தார் என்று திருப்ப வேண்டும்.

நம் பக்கத்தில் இதற்கு நல்ல பயிற்சி தோல். கேள்வி: ‘ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் வாரக்கணக்கில் ஊறிய தோலை, குரோமியம் வந்த பிறகு ஒரு நாள் கணக்கில் பதனிட முடிந்தது எப்படி?’

வரிசை இப்படிப் போகலாம்:

1. பச்சைத்தோல் ஏன் அழுகுகிறது? அதில் இருப்பது கொலாஜன் என்ற புரதம். ஈரம் இருந்தால் பாக்டீரியா அதைத் தின்னும்.
2. பதனிடுவது என்றால் என்ன? கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து, பாக்டீரியாவுக்கும் வெப்பத்துக்கும் அசையாமல் செய்வது.
3. பட்டையில் உள்ள டானின் மூலக்கூறு பெரியது. *ஆகவே* தோலுக்குள் மெதுவாகத்தான் இறங்கும்.
4. குரோமியம் சல்பேட் கரைசலில் உள்ள கூட்டயனிகள் சிறியவை. *ஆகவே* சீக்கிரம் இறங்கி, கொலாஜனின் கார்பாக்சில் தொகுதிகளைப் பிணைத்துவிடும். தோல் நீலம் பாரிக்கும். தொழிலில் அதை ‘வெட் புளூ’ என்பார்கள்.
5. *ஆனால்* தோல் பிடிக்காமல் மிஞ்சிய குரோமியமும், பச்சைத்தோலைக் காக்கப் போட்ட உப்பும் கழிவுநீரில்தான் போகும்.

ஐந்தாவது படி அடுத்த வாரக் கட்டுரைக்கு வாசல். வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை உறுதிசெய்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 1996 ஆகஸ்ட் 28 அன்று. 2025 ஜனவரி 30 அன்றும் பாலாற்று மாசு குறித்து அதே நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கிறது. இடையில் ஏறக்குறைய முப்பது ஆண்டு. இதை எடுத்து ‘இரு பக்கம்’ பயிற்சி செய்யுங்கள்:

1. உங்களுக்கு எந்தப் பக்கம் ஒப்பவில்லையோ அதை முதலில் எழுதுங்கள். டேனரியோ ஷூ கம்பெனியோதான் குடும்பத்தின் சோறு என்றால், கிணறு உப்பாகிப்போன விவசாயி பேசுவதாக முதல் பக்கம். விவசாய வீடு என்றால் நேர்மாறாக.
2. அடுத்த பக்கத்தில் உங்கள் தரப்பு.
3. மூன்றாவதாக அரைப் பக்கம்: இருவரும் ஒத்துக்கொள்ளக்கூடிய ஒரு விஷயம் எது?

முதல் பக்கத்தைப் படித்துவிட்டு அந்தத் தரப்பு ஆள் ‘நான் சொல்ல வந்தது இதுதான்’ என்று சொல்ல வேண்டும். கேலியாக எழுதியிருந்தால் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

மற்ற பாடங்கள்

உயிரியல் மாணவர்களுக்கு விரிஞ்சிபுரத்திலேயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. நிலக்கடலை, நெல் பற்றி ஒரே ஒரு கேள்வியை நன்றாக யோசித்து எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். பத்துக் கேள்வியோடு போனால் பத்துக்கும் அரைகுறையாகத்தான் விடை வரும்.

கணிதம்: 2-இன் வர்க்கமூலம் விகிதமுறா எண் என்பதற்கான நிரூபணத்தைக் குறியீடே இல்லாமல் வார்த்தையில் எழுதுங்கள். ‘ஆகவே’ பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

கம்ப்யூட்டர் சயின்ஸ்: எழுதிய புரோகிராம் ஏன் வேலை செய்யவில்லை, பிழையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஒரு பக்கம்.

அடிக்கடி நடக்கும் பிழைகள்

*கைடு வாசனை.* ‘முன்னுரை’, ‘முடிவுரை’ என்று தலைப்புப் போட்டு, எந்தக் கட்டுரைக்கும் ஒட்டுகிற வாக்கியங்களை மனப்பாடமாக வைத்திருப்பது. பள்ளித் தேர்வில் தலைப்புகள் கேட்டால் போடத்தான் வேண்டும். ஆனால் முன்னுரையின் முதல் வாக்கியம் வேறு எந்தக் கட்டுரைக்கும் பொருந்தக் கூடாது. ‘இன்றைய நவீன உலகில்’ என்று தொடங்கினால் அடித்துவிட்டு இரண்டாவது வாக்கியத்திலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் அதுதான் உண்மையான முதல் வாக்கியமாக இருக்கும்.

*மேற்கோள் கூட்டம்.* பக்கத்துக்கு ஒன்று போதும். அதுவும் உங்கள் காரணத்துக்கு வேலை செய்தால் மட்டும்.

*எல்லாரும் எழுதியதை எழுதுவது.* ஆம்பூர் பிரியாணியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சீரகச் சம்பா அரிசி ஏன் குழைவதில்லை என்று மாவுச்சத்தை வைத்து விளக்க முடியும் என்றால் மட்டும் எழுதலாம்.

*படிக்காமல் எழுதிக்கொண்டே இருப்பது.* வாரத்துக்கு ஒரு நடுப்பக்கக் கட்டுரையாவது படியுங்கள். படித்ததும் நாலு வரியில் அதன் வரிசையைக் குறித்துவைத்து, இரண்டு நாள் கழித்து, மூலத்தைப் பார்க்காமல் அந்த நாலு வரியிலிருந்து கட்டுரையைத் திருப்பி எழுதிப்பாருங்கள். பிறகு மூலத்தோடு ஒப்பிடுங்கள். பிற்காலத்தில் மின்சாரத்தை ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின் சிறுவயதில் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழ்க் கட்டுரைகளை வைத்து இப்படித்தான் எழுதப் பழகினார். அறிவியலைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பார்க்க, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழையும், இன்ஜினியரான சுஜாதா எழுதிய ‘ஏன்? எதற்கு? எப்படி?’ நூலையும் நூலகத்தில் கேளுங்கள்.

*யாருக்கு எழுதுகிறோம் என்றே தெரியாமல் எழுதுவது.* இதற்கு மு. வரதராசனாரிடம் ஒரு வழி இருக்கிறது. வாலாஜாவுக்குப் பக்கத்தில் வேலம் என்ற ஊர்க்காரர் அவர். தம்பிக்கு, தங்கைக்கு, அன்னைக்கு, நண்பர்க்கு என்று கடித வடிவிலேயே நூல்கள் எழுதியவர். கட்டுரை ஓடவில்லை என்றால் மேலே ‘அன்புள்ள தம்பி’ என்று போட்டுவிட்டு எழுதுங்கள். முடிந்ததும் அந்த வரியை மட்டும் அடித்துவிடலாம்.

*ஏ.ஐ.யிடம் எழுதி வாங்குவது.* படி 6 முடிந்த பிறகு அதைக் கேட்கலாம்: ‘எந்த இடம் புரியவில்லை? எந்தக் காரணம் விட்டுப்போயிருக்கிறது?’ என்று. ‘திருத்தி எழுதிக் கொடு’ என்று கேட்காதீர்கள். அது சொல்லும் ஆண்டும் எண்ணும் தப்பாக இருக்கலாம். பாடநூலோடு ஒருமுறை சரிபாருங்கள்.

பாதுகாப்பு

- கட்டுரைக்காக டேனரிக்குள் தனியாகப் போகாதீர்கள். மேற்பார்வையாளர் அனுமதியோடு, அங்கே வேலை செய்யும் பெரியவர் ஒருவர் கூட வந்தால் மட்டும் போங்கள். மயிர் நீக்கப் பயன்படும் சல்பைடு அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரும். குழி, தொட்டி, வடிகால் அருகே குனிந்து பார்ப்பது உயிருக்கு ஆபத்து. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையக் கழிவுத்தொட்டியின் சுவர் உடைந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள்.
- பாலாற்றில் மணல் எடுத்த பள்ளங்களில் இறங்காதீர்கள். கரையிலிருந்து பார்த்தது போதும்.
- நிழல் கடிகாரத்தில் நிழலைப் பாருங்கள். சூரியனை நேராகப் பார்க்காதீர்கள்.
- தகவல் சொன்னவர் பெயரை அவர் சம்மதம் இல்லாமல் எழுதாதீர்கள். ‘ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு அக்கா’ என்று எழுதினால்கூடச் சின்ன ஊரில் ஆள் யாரென்று தெரிந்துவிடும். அவர் வேலைக்கே ஆபத்து வரலாம். ‘ஒரு தொழிலாளி’ போதும்.
- பேனாவை இறுக்கிப் பிடித்தால் கட்டைவிரல் அடியில் வலிக்கும். 40 நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் எழுதாதீர்கள். விளக்கு இடது தோள் பக்கம் இருக்கட்டும்; இடக்கைக்காரர்களுக்கு வலது பக்கம்.

எழுதியதை எங்கே அனுப்பலாம்?

நோட்டுக்குள்ளேயே கிடந்தால் மூன்று மாதத்தில் சலித்துவிடும். முதல் வாசகர் வீட்டிலேயே இருக்கட்டும்: கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அம்மாவிடம் ஒரு பத்தியை மட்டும் படித்துக் காட்டுங்கள். “அப்புறம்?” என்று கேட்டால் பத்தி தேறியது.

அடுத்து வெளியே:

1. தமிழ் வளர்ச்சித் துறை 11, 12-ஆம் வகுப்பு மாணவர்களுக்கு மாவட்ட அளவில் நடத்தும் கவிதை, கட்டுரை, பேச்சுப் போட்டிகள். முதல் பரிசு 10,000 ரூபாய். பள்ளி வழியாகத்தான் போக வேண்டும். தமிழாசிரியரிடம் முன்கூட்டியே பெயர் கொடுங்கள்.
2. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. 17 வயது வரை கலந்துகொள்ளலாம். உள்ளூர்ச் சிக்கல் ஒன்றை ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும். சயின்ஸ் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான கட்டுரைப் பயிற்சி இல்லை.
3. அஞ்சல் துறையின் தேசியக் கடிதப் போட்டி. இன்லேண்ட் லெட்டரில் 500 சொல் வரை, உறையில் 1,000 சொல் வரை, கையால் எழுத வேண்டும். தமிழில் எழுதலாம்.
4. கிராம சபை மனு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும். தெருவிளக்கோ குடிநீர்க் குழாயோ, ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ளுங்கள். என்ன குறை, எப்போதிலிருந்து, யார் யாருக்குச் சிரமம், என்ன செய்ய வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கையெழுத்து வீட்டுப் பெரியவருடையதாக இருக்கட்டும். யாரையும் குற்றம் சாட்டாதீர்கள், குறையை மட்டும் எழுதுங்கள். நகல் ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கில் நான் முதலில் செய்யச் சொல்வது மனுவைத்தான். கட்டுரை புரியாவிட்டால் மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். மனு புரியாவிட்டால் குழாயில் தண்ணீர் வராது.

பிளஸ் டூ கடைசி மாதங்களில்

டிசம்பரிலிருந்து பொதுத்தேர்வு முடியும்வரை வாரம் ஒரு பக்கம் என்ற ஒழுங்கை நிறுத்திவிடலாம். அதற்குப் பதில் ஞாயிறு தோறும் 10 நிமிடம், ஒரே ஒரு பத்தி. அந்த வாரம் படித்ததில் ரொம்பக் குழப்பிய விஷயம் எதுவோ அதைப் பற்றி. எழுதினால் குழப்பமும் கொஞ்சம் தெளியும் என்பதால் இதற்கு வீட்டிலும் ஆட்சேபம் வராது. நீட் எழுதுகிறவர்கள் மே மாதத் தேர்வு முடிந்ததும் பழைய ஒழுங்குக்குத் திரும்புங்கள். முடிவுக்குக் காத்திருக்கும் வாரங்களில் மனசுக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

சில சந்தேகங்கள்

*நான் ஆங்கில மீடியம். எந்த மொழியில் எழுதுவது?* மூன்று வாரம் தமிழ், ஒரு வாரம் ஆங்கிலம். வரிசை போடும் பழக்கம் ஒரு மொழியில் வந்துவிட்டால் மற்றதிலும் வரும். பாடச்சொல்லுக்குத் தமிழ் தெரியவில்லையென்றால் தமிழ் மீடியம் நண்பரின் பாடநூலைப் பாருங்கள்.

*தமிழாசிரியருக்குத் திருத்தித் தர நேரம் இல்லை.* மாதத்துக்கு ஒரு பத்தியைக் கொடுங்கள், ஒரே கேள்வியோடு: ‘ஐயா, இதில் எந்த இடத்தில் காரணம் அறுந்துபோகிறது?’ முழு நோட்டையும் நீட்டினால் யாருக்குமே நேரம் இருக்காது.

*கையெழுத்து மோசம்.* அழகாக்க முயன்று வேகத்தைக் குறைக்காதீர்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுங்கள், புள்ளியை மறக்காமல் வையுங்கள், பத்திக்குப் பத்தி ஒரு வரி விடுங்கள். ர, ா இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும்.